கையெழுத்திட்டுப் பிள்ளையை எடுக்கவும்

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் அன்றைக்குப் பதினான்கு பிள்ளைகள். வாசல் படியில் பதினைந்து ஜோடி செருப்பு.

டிலானி இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற அம்மாமார் காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். பிள்ளையின் செருப்பைப் படியில் கழற்றி வைப்பார்கள், நெற்றியில் ஒரு முத்தம், அதோடு கூடையை மாட்டிக்கொண்டு ஓட்டம். பதினான்கு ஜோடியும் யார் யாருடையது என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அதில் சிவப்பு வார் வைத்தது அவளுடைய சொந்த மகள் டினோஷாவுடையது, நான்கு வயது. பதினைந்தாவது நீல நிறம். மேலே ஓட்டை ஓட்டையாகப் போட்ட கனமான றப்பர் சப்பாத்து, குதிகாலுக்கு ஒரு பட்டி. ஓப்பநாயக்க கடைத்தெரு முழுக்கத் தேடினாலும் அப்படி ஒன்று கிடைக்காது. அது நனைந்திருந்தது, இரண்டு நாளாக மழை இல்லை.

"மல்லிகா, இது யாரு பிள்ளையோடது?"

உள்ளே பிள்ளைகளுக்குத் திரிபோஷ சத்துமாவைச் சீனி போட்டு உருட்டிக்கொண்டிருந்த உதவிக்காரி மல்லிகா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எந்தப் பிள்ளையாச்சும் தம்பிய விட வந்துட்டு மறந்துருக்கும் மிஸ். அந்தியில வந்து எடுத்துக்குவாங்க."

டிலானி குனிந்தாள். சேற்று வாசனை இல்லை, தேயிலைத் தூள் வாசனையும் இல்லை. நீச்சல் குளத்துத் தண்ணீரில் கலக்கிற மருந்தின் வாசனை, அதற்கு அடியில் உப்பு. கடல் இங்கிருந்து எத்தனையோ மைலுக்கு அப்பால் இருக்கிறது. ஒரு குச்சியை எடுத்து, கையால் தொடாமல், இரண்டு சப்பாத்தையும் தூக்கிப் பின்புறத் தண்ணீர்க் கானில் போட்டாள். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கத்தான் இரண்டு வருஷமாகப் பழகி வைத்திருந்தாள்.

தோட்டத்தில் எல்லோரும் அவளை 'கப்பல் மிஸ்' என்றுதான் சொல்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான். பலாங்கொடையில் பாலர் கல்வி படித்து, இங்கிலீஷும் பேசக் கற்று, இரண்டு வயது டினோஷாவை நாத்தனாரிடம் விட்டுவிட்டு உல்லாசக் கப்பலில் வேலைக்குப் போனவள் இந்த லயத்து வரிசை வீடுகளில் அவள் ஒருத்திதான். ஆறாவது தட்டில் சிறுவர் கழகத்தில் வேலை. முகத்தில் புலி வரைவது, கடற்கொள்ளையர் புதையல் தேடுவது, 'கப்பல்' என்றால் இந்தப் பக்கமும் 'கரை' என்றால் அந்தப் பக்கமும் ஓடுவது, பெரிய வண்ணத் துணிக்கடியில் பிள்ளைகளை உட்காரவைத்து மேலிருந்து மேடுகளை எண்ணுவது. இதையெல்லாம் அவள் பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டுவந்தாள். ஆறு பழைய சேலைகளைத் தைத்துத் துணி செய்தாள். தோட்டத்துத் துரை வந்து பார்த்துவிட்டுக் கைதட்டிப் போனார்.

கொண்டுவராமல் விட்டது ஒன்றுதான். கப்பலில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் மஞ்சள் பட்டி கட்டுவார்கள். காலையில் எந்தத் தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட்டு விட்டார்களோ, அவர்களேதான் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும். வேறு யார் வந்தாலும் கிடையாது. டிலானிக்கு இது வெட்டி வேலையாகப் பட்டது. தோட்டத்தில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் யார் முதலில் இறங்கி வருகிறாளோ அவள் தன் பிள்ளையோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து இடுப்பிலும் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு போவாள். சித்தி என்பாள், அத்தை என்பாள், யாரும் ஏன் எதற்கு என்று கேட்டதில்லை. அப்படித்தான் அவளும் வளர்ந்தாள்.

அது நடந்தது ஒரு மழைக்காலப் பயணத்தில். அரை விலை டிக்கெட், கடல் மோசம், சிறுவர் கழகத்தில் மொத்தமே ஒன்பது பிள்ளைகள். அந்தியில் கப்பல் ஆடிய ஆட்டத்தில் மற்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போக, கொழும்பிலிருந்து வந்த ஸம்ஹா மட்டும் மிஞ்சினாள். ஆறு வயது, நீல நிறச் சப்பாத்து. அப்போதுதான் கதவடியில் ஒரு பெண் வந்து நின்றாள். தலைமயிர் நனைந்து ஒட்டியிருந்தது.

"ஸம்ஹாவோட சித்திங்க. பிள்ளைய எடுத்துட்டுப் போறேன்."

ஏழு மாதமாக இங்கிலீஷ் மட்டுமே கேட்டுப் புளித்த காதில் அந்தப் பேச்சு விழுந்தது. அச்சாக லயத்துப் பேச்சு. கொழும்புக் குடும்பத்துச் சித்தி ஏன் லயத்துக்காரி மாதிரிப் பேசுகிறாள் என்று யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை. டிலானிக்கு மனசு இளகிவிட்டது.

"எனக்கு இவங்கள தெரியாது மிஸ்," என்றாள் ஸம்ஹா.

"விளையாடாதீங்க கண்ணு, போங்க," என்று டிலானியே அந்தச் சின்னக் கையைப் பிடித்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள். அந்தக் கை குளிர்ந்திருந்தது.

இருபது நிமிஷம் கழித்துத் தாய் ஜெஸீமா சிரித்துக்கொண்டே வந்து, "எங்க என்ட மகள்?" என்று கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் டிலானிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கழிவறைக்குள் இருக்கிறாளா பார்க்கிறேன் என்று சொல்லிப் பதிவேட்டோடு உள்ளே போனாள். காலையில் ஜெஸீமா போட்ட கையெழுத்தைப் பார்த்து, அதே வளைவு, அதே சுழி, மாலைக் கட்டத்திலும் போட்டாள். வெளியே வந்து, "நீங்கதானே மேடம் எடுத்துட்டுப் போனீங்க. கையெழுத்து இருக்கே," என்றாள்.

கழகத்துக் கதவடி கெமராவில் விழாது; தாழ்வாரத்துக் கெமராவில் பார்த்தபோது ஸம்ஹா மட்டும்தான் நடந்துபோனாள். தனியாக. யாரோ பிடித்திருக்கிற மாதிரி வலது கையை மேலே தூக்கியபடி.

பிள்ளை கிடைக்கவில்லை. பெற்றவள்தான் எடுத்துவிட்டுக் கவனிக்காமல் விட்டாள் என்று எழுதி முடித்தார்கள். ஜெஸீமாவின் புருஷன் அந்தக் காகிதத்தைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான், அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டிலானி ஒப்பந்தத்தை முழுசாக முடித்து, நற்சான்றிதழும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள்.

நீலச் சப்பாத்தைக் கானில் போட்ட மறுநாள், செவ்வாய்க்கிழமை, மத்தியானமே பனி மூட்டம் இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் செடிகள் முதல் வரிசைக்கு மேல் தெரியவில்லை. பிள்ளைகள் துணி விளையாட்டுக் கேட்டு அடம்பிடித்தார்கள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் எதுவும் கிடைக்காமல் டிலானி சேலைத்துணியை விரித்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே அடியில் புகுந்தார்கள். அவள் துணிக்கு மேலாக ஒவ்வொரு மேட்டையும் விரலால் தட்டி எண்ணிக்கொண்டு போனாள். மூச்சுச் சூட்டில் துணி ஏறி இறங்கியது. உள்ளே கிசுகிசுவென்று சிரிப்பு.

பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு.

மூலையில் இன்னொன்று.

அது சிரிக்கவில்லை. அந்த இடத்தில் துணி ஏறி இறங்கவும் இல்லை. விரலை வைத்தாள். ஈரம். அடியில் தலைமயிர், அதற்கும் அடியில் குளிர்.

ஒரே இழுப்பில் துணியைத் தூக்கினாள். பதினான்கு பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். மூலையில் சிமெந்துத் தரை நனைந்து கிடந்தது.

"ஏம்மா தூக்குன?" டினோஷாவுக்கு அழுகை வந்துவிட்டது. "தூக்குனா அந்த அக்கா போயிருவாங்க."

"எந்த அக்கா?"

"நீலச் சப்பாத்து அக்கா. நாளைக்கு அந்தியில சித்தி வருவாங்கன்னு சொன்னாங்க."

"யாருக்கு?"

"எனக்கு."

அன்று இரவு முழுக்க டிலானி மகளின் கையை விடவில்லை. ஓப்பநாயக்கவில் த்ரீவீல் ஓட்டுகிற அவள் புருஷன் ரெஜினோல்டு என்ன என்று கேட்டான். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்றாள். அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கையெழுத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போயிருக்கவும் செய்யலாம், ஆனால் எங்கே போனாலும் அந்தி வரும்தானே. கடைசியில் அவள் கண்டுபிடித்தது கப்பல்காரர்களின் புத்தி. அவர்கள் சொன்னபடி செய்திருந்தால் ஸம்ஹா இருந்திருப்பாள். இனிமேல் அப்படியே செய்வோம்.

புதன்கிழமை காலையில் கதவில் ஓர் அட்டை தொங்கியது: கையெழுத்திட்டுப் பிள்ளையை எடுக்கவும். மேசையில் ஒரு கொப்பி. பதினான்கு கையிலும் மஞ்சள் ரிப்பன். டினோஷாவின் கையில் இரண்டு முடிச்சு போட்டாள்.

"மல்லிகா, பெத்தவங்க கையெழுத்து இல்லாம ஒரு பிள்ளையும் வெளிய போகக் கூடாது. டினோஷாவ நான் மட்டுந்தான் எடுப்பேன். விளங்குச்சா?"

"ஹரி மிஸ், அப்படியே செய்றேன்," என்றாள் மல்லிகா. இந்த மனுஷிக்கு என்ன பிடித்தது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. நான்கரைக்குக் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் கும்பலாக இறங்கி வந்தார்கள், தலையில் சாக்கும் இடுப்பில் கட்டிய றெட்டுத் துணியும் சொட்டச் சொட்ட. டிலானி முன்வாசலில் குறுக்கே நின்றாள். ஒவ்வொருத்தியாகத்தான் உள்ளே விட்டாள்.

"ஒங்க பிள்ள மட்டும். அதுங்களோட அம்மா வரட்டும்."

"இது என்னா புதுக் கூத்து?" முன்னால் நின்ற விஜயகலா சாக்கை உதறினாள். "எங்கக்கா பிள்ளைய நான் எடுக்கறதுக்கு ஒங்ககிட்ட கைநாட்டு வைக்கணுமா? கப்பல்னு நெனச்சிங்களா இத?"

பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். ஒருத்தி திட்டினாள். ஒருத்தி கையெழுத்துப் போடத் தெரியாமல் வெட்கத்தில் சிணுங்கினாள். பிள்ளைகள் அழுதார்கள். மழை தகரத்தில் கொட்டிய சத்தத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்பதே கேட்கவில்லை. டிலானி கதவின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, ஒருவரையும் விடாமல் நின்றாள். மொத்தத் தோட்டத்தோடும் மல்லுக்கட்டி அரை மணி நேரம் நின்றாள். பின்வாசல் என்று ஒன்று இருந்தது.

கடைசித் தாயும் போன பிறகு திரும்பினாள்.

மேசை. கொப்பி. மல்லிகா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"டினோஷா எங்க?"

"ஒங்க நங்கி வந்து கூட்டிட்டுப் போனாங்களே மிஸ்."

டிலானிக்கு நங்கி என்று சொல்ல ஒரு தங்கச்சியும் இல்லை, அக்காவும் இல்லை. அவள் ஒரே பிள்ளை.

"நீங்க சொன்னீங்கன்னுதான் கொப்பிய பாத்தேன்," மல்லிகாவின் குரல் மெல்ல இறங்கியது. "ஒங்க கையெழுத்து இருந்துச்சு. தலையெல்லாம் நனஞ்சிருந்துச்சு அவங்களுக்கு. மழைதானேன்னு நெனச்சேன். அச்சா ஒங்கள மாதிரியே பேசுனாங்க." பிறகு, "பிள்ள போமாட்டேன்னு அழுதுச்சு. நான்தான் கையப் புடிச்சிக் குடுத்தேன்."

கொப்பியில் டினோஷாவின் பெயர். அதற்கு எதிரே டிலானியின் கையெழுத்து. அதே வளைவு. அதே சுழி. மை இன்னும் காயவில்லை.

பின்வாசலால் ஓடினாள். மழை விட்டிருந்தது, பனி இறங்கியிருந்தது. தேயிலை வரிசைக்கு நடுவில் மேலே ஏறுகிற பாதை. அதில், தூரத்தில், டினோஷா. தனியாக. மஞ்சள் ரிப்பன் கட்டிய கையை மேலே தூக்கியபடி.

கூப்பிட்டாள். பிள்ளை திரும்பிப் பார்த்தது. நடை நிற்கவில்லை.

பனி மூடிக்கொண்டது.

ஆறு மணிக்குள் லயமே திரண்டு டோர்ச்சோடு மலையேறியது. ரெஜினோல்டு பிள்ளைக் காம்பராவுக்கு வந்தபோது மல்லிகா அழுதுகொண்டே கொப்பியைக் காட்டினாள். அவன் நெடுநேரம் அதைப் பார்த்தான். பிறகு டிலானியைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் கப்பலில் பார்த்திருக்கிறாள்.

"இது ஒன் கையெழுத்துதானே?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஜெஸீமாவும் அன்றைக்கு இதே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தாள். அப்போதுதான் படி தெரிந்தது. இரண்டு ஜோடி. நீல நிற றப்பர் சப்பாத்து, பக்கத்தில் சிவப்பு வார். இரண்டும் நனைந்து, ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. பிள்ளைகள் உள்ளே இருந்தால்தான் செருப்பு வெளியே இருக்கும்.

மெதுவாகத் திரும்பினாள்.

மடித்து அலுமாரியில் வைத்த சேலைத்துணி தரை முழுக்க விரிந்து கிடந்தது. நடுவில் இரண்டு சின்ன மேடுகள். பக்கத்தில் பக்கத்தில். ஒன்று அசையவில்லை. மற்றது லேசாக ஏறி இறங்கியது.

டிலானி முழங்காலில் விழுந்து துணியின் ஓரத்தை இரண்டு கையாலும் தரையோடு அழுத்திப் பிடித்தாள். தூக்கவில்லை. தூக்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா," என்றது துணிக்குள்ளிருந்து டினோஷாவின் குரல். "இன்னும் எண்ணலயா?"

"மகள் உள்ளுக்கா இருக்கா?" ரெஜினோல்டு பாய்ந்து வந்தான்.

"வேணாம். தூக்காதீங்க. கும்புடுறேன், தூக்காதீங்க."

அவன் மறுபக்கத்து ஓரத்தைப் பிடித்து இழுத்தான்.