குறையில்லாத தோல்

வெள்ளிக்கிழமை மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்த மெஹராஜ், முழங்கைக்குக் கீழே இருந்த பழைய எண்ணெய்ச் சூட்டுத் தழும்பைச் சுற்றி யாரோ வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டிருப்பதைப் பார்த்தாள்.

நல்ல வட்டம். கை நடுங்காமல் போட்டது.

தாராவியில் தோல் வேலைக்காரன் வீட்டில் அதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. கட்டிங் மாஸ்டர் ஒரு தோலை மேசையில் விரித்ததும், முள் கீறியது, உண்ணி கடித்தது, சூடு பட்டது எல்லாவற்றையும் வெள்ளிப் பேனாவால் வளைப்பான். அந்த இடங்களை விட்டுவிட்டுத்தான் பர்ஸுக்கும் பெல்ட்டுக்கும் அச்சு வைப்பான். அவள் புருஷன் மன்சூர் அலி கட்டிங் மாஸ்டர். கீழே பட்டறை, மேலே குடித்தனம், நடுவில் ஓர் இரும்பு ஏணி. அவன் வெட்டி மிஞ்சிய துண்டு கீ-செயினுக்குக்கூட ஆகாது என்று கல்லிச் சந்து முழுக்கப் பேச்சு. பாதிப் பேருக்கு அதைச் சொன்னதே மெஹராஜ்தான் என்பது வேறு விஷயம்.

விளையாட்டுக்குப் போட்டிருப்பார் என்று தேய்த்தாள். போகவில்லை.

விளையாட்டு என்றால் அவனுக்கு இப்போது ஒன்றே ஒன்றுதான். பழைய சாமான் விற்கும் காலித், மகள் சபாவுக்கு என்று தள்ளிவிட்ட கையடக்க கேம் டப்பா. ஒன்பது வயது சபா மூன்று நாள் ஆடினாள். நாலாம் நாள் வாப்பா வாங்கிப் பார்த்தார், அவ்வளவுதான். அதில் ஒரு ராஜா, ஒரு மலைக்கோட்டை, ஒவ்வொரு கட்டத்திலும் கொன்று கிடத்திய ஒரு பூதம். பூதத்தின் தோலில் இடம் வீணாகாமல் கேடய வடிவங்களை அடுக்க வேண்டும். எத்தனை கேடயம் தேறுகிறதோ அத்தனை வீரர்கள் சண்டையில் பிழைப்பார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக, நிதானமாக, அலறிச் சாவார்கள். இருபது வருஷமாகச் செய்கிற வேலையை ஒரு டப்பா தாரை ஊதிப் பாராட்டினால் எந்த ஆம்பிளைதான் அதைக் கீழே வைப்பான்.

"ஒன் மாப்ளைக்குச் சின்ன வீடு செட் ஆயிட்டுட்டி," என்று எதிர்வீட்டு ஆபிதா சிரித்திருந்தாள். "பேட்டரில ஓடுது. சோறு போட வேண்டாம், சேலை எடுக்க வேண்டாம்."

"சும்மா கெடங்க லாத்தா. பீடி குடிக்கதுக்கு இது தேவல."

அது போன மாசம். இந்தத் திங்கட்கிழமை, பட்டறையில் பசை தடவும் ஜம்பு, "போதும் பாய், சேட் சரக்கு கேக்கான்," என்று டப்பாவைப் பிடுங்கப் போனான். மன்சூர் தலை நிமிராமல் தோல் கத்தியை வீசினான். ஜம்புவின் உள்ளங்கை வெண்டைக்காய் மாதிரிப் பிளந்தது. ரத்தம் மேசையில் ஓட ஓட, மன்சூர் அந்தக் கையை இழுத்து விரித்து, வெட்டுவாயை விரலால் அகட்டிப் பார்த்தான்.

"நல்லா இல்ல. வேஸ்ட் போகும்."

ஏழு தையல். கல்லி அதை ரெண்டு நாள் மென்றது. கோபத்தில் நடந்தது என்று மெஹராஜ் எல்லோரிடமும் சொன்னாள். அவன் முகத்தில் கோபமே இல்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது பக்கத்தில் சபா தூங்கிக்கொண்டிருந்தாள். தகரக் கூரையில் மழை ஒரே சீராகக் கொட்டியது. கீழேயிருந்து பசை நெடியும் ஊறின தோலின் வாடையும் ஏணி வழியாக ஏறி வந்தன. வெள்ளிக்கிழமை லீவில் ஆளற்றுக் கிடந்த பட்டறையில் அந்த டப்பாவின் ராகம் மட்டும் திரும்பத் திரும்ப அறுந்து அறுந்து ஒலித்தது. மகளின் போர்வையை விலக்கினாள்.

தோளில் ஊசித் தழும்பைச் சுற்றி ஒரு வட்டம். முழங்காலில், விழுந்த காயத்தைச் சுற்றி ஒன்று. வேறெங்கும் இல்லை.

ரெண்டே ரெண்டு. மற்றதெல்லாம் சுத்தமான தோல்.

"மெஹராஜ்," கீழேயிருந்து குரல். சாயா கேட்கிற குரல். "சபா எந்திச்சுட்டாளா?"

"எதுக்கு மச்சான்?"

"இந்தக் கட்டத்துக்கு ஒரு தோல் கொறையுது."

ஜன்னலில் கம்பி. ஏணி இறங்குகிற இடம் அவன் மேசையின் பக்கம். போனை எடுத்தாள், சார்ஜ் இல்லை. தலையணை ஓரத்தில் அவன் விட்டுப்போன வெள்ளிப் பேனா.

கட்டிங் மாஸ்டர் பெண்டாட்டிக்குத்தான் அப்படி ஒரு புத்தி தோன்றும். குறையுள்ள தோலை அவன் தொடமாட்டான். தோல் கொடுத்துச் சரக்கு வாங்கும் சேட்டின் முகத்திலேயே திருப்பி எறிவான். மெஹராஜ் மகளின் கையில் வட்டம் போட்டாள். காலில், கழுத்தில், முதுகில். தன் கைகளிலும் போட்டாள்.

"உம்மா, கூசுது," என்று சபா சிரித்தாள்.

ஏணி கிறீச்சிட்டது. அவன் தலை. தோள். பிறகு ஈரமான கை. சபாவின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் புரட்டினான். மெஹராஜின் கையைப் பார்த்தான். உச்சுக் கொட்டினான்.

"ரெண்டும் ரிஜெக்ட்."

இறங்கிப் போனான்.

ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம், ஈரத் துணியைக் கிழிப்பதுபோல ஒன்று. நின்றது. மறுபடி.

அந்தச் சத்தம் ஓய்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சபாவின் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டு இறங்கினாள். மேசைப் பக்கம் பார்க்காமல் கதவைத் திறந்து பிள்ளையை மழைக்குள் தள்ளினாள். "ஆபிதா லாத்தா வீட்டுக்கு ஓடு. திரும்பிப் பாக்காத."

"நீயும் போனா நான் சபாட்டதான் வரணும்," என்றான் பின்னாலிருந்து.

திரும்பினாள்.

மன்சூர் மேசையில் குப்புறக் கிடந்தான். லுங்கி இடுப்புவரை சுருண்டிருந்தது. தொடைகளில் தோல் இல்லை, தோல் இருந்த இடத்தில் சிவப்பு. தலைமாட்டில் இருபத்து மூன்று கேடயங்கள், வரிசையாக, ஓரங்கள் சுருளத் தொடங்கி.

"எட்டுன எடம் வரைக்கும் நானே எடுத்துட்டேன். முதுகு எட்டல. ஒண்ணே ஒண்ணுட்டி." கத்தியைப் பிடிப்பக்கமாக நீட்டினான். "இல்லன்னா சபாவைத் தொடச்சுட்டுப் பாக்கணும். அது நீ போட்ட வட்டம்னு எனக்குத் தெரியாதா?"

வாங்கினாள். கழுத்தில் இறக்கத்தான் வாங்கினாள். சத்தியமாக.

அவன் தலையோரம் டப்பா நிமிர்ந்து நின்றது. திரையில் பூதத்தின் தோல், நிறைந்து கிடந்தது, ஒரே ஓர் இடைவெளி பாக்கி. வீரர்கள் மண்டியிட்டுக் காத்திருந்தார்கள். நேராக வைத்தால் சேராது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாய்த்து வைக்க வேண்டும். தோள்பட்டை ஓரமாக.

கத்தி சாய்ந்தது.

கீறியது. வளைந்தது. அவன் உடம்பு ஒருமுறை துள்ளி அடங்கியது. சூடு அவள் மணிக்கட்டில் வழிந்தது. அவன் கால்மேல் எப்போது ஏறி உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

"வேஸ்ட் போச்சாட்டி?"

"நூல் அளவுகூட இல்ல மச்சான்."

தாரைகள் முழங்கின. அத்தனை பேரும் பிழைத்தார்கள். புதுக் கட்டம் திறந்தது. கேடயங்கள்: எண்பது.

அவன் முதுகில் அவ்வளவு தேறாது. தொடாமலே அளந்துவிட்டாள்.

நிமிர்ந்தாள். திறந்த கதவுக்கு அப்பால், எதிர்வீட்டு வாசல் விளக்கடியில், ஆபிதா சபாவை மடியில் இருத்தித் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்து, ஒவ்வொரு வட்டமாக அழித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கூச்சத்தில் நெளிந்து சிரித்தது. எண்ணெய் பூசின அந்தச் சின்னக் கைகள், ஒரு கீறல் இல்லாமல், அந்த வெளிச்சத்தில் மினுமினுத்தன.

மெஹராஜ் கண்ணை எடுக்கவில்லை.