இருபத்து நான்கு டாலர் உறை

வியாழக்கிழமை காலை 7.10.

பெல் க்ரீக்கில், தன் பண்ணையின் வடக்கு வேலியோரம் ஆரின் தாக்கெட் மல்லாந்து கிடந்தார். எழுபத்தோரு வயது. நெஞ்சில் ஒரே குண்டு. வலது கையில் அவருடைய சொந்தத் துப்பாக்கி. அதிலிருந்து ஒரு ரவைகூடச் சுடப்படவில்லை.

ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் போட்டதே சுட்டவன்தான். பக்கத்துப் பண்ணைக்காரன் ரஸ்க் ஹால்டேன்.

“கிழவன் என்னைப் பார்த்ததும் துப்பாக்கியை உருவினான். நான் முந்திக்கிட்டேன். இல்லேன்னா இப்ப நான் அங்க கிடப்பேன்.”

அந்தப் பக்கத்தில் இப்படி ஒரு வாக்குமூலம் கிடைத்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி. மீதிப் பாதிக்கு ஒரு சாட்சி போதும்.

அந்தச் சாட்சி தான்தான் என்று வெர்லீன் ஸ்டக்கிக்கு 9.40-க்குத்தான் தெரிந்தது.

ஊரில் மாட்டுத் தீவனமும் துப்பாக்கியும் ஒரே கூரையின் கீழ் விற்கும் கடை ஒன்று உண்டு. பத்தொன்பது வருஷமாக அதில் துப்பாக்கிப் பக்கத்துக் கல்லா வெர்லீனுடையது. துணை ஷெரிஃப் நடீன் க்வில்லன் உள்ளே வந்து, ஒரு புகைப்படத்தைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

“மனசைத் திடமா வச்சுக்கிட்டுப் பாரு. இந்தத் துப்பாக்கி உறை நீ வித்ததா?”

வெர்லீன் பார்த்தாள். தோளிலிருந்து தாங்கும் சிவப்புத் தோள்வார் போட்ட கால்சட்டை. வலது இடுப்பில் காலியான கறுப்பு உறை, நேராக, ஒழுங்காக. இடது கையில் வேலிக்கம்பி முறுக்கும் குறடு, சாகும்போதும் விடாத பிடி.

“நான் வித்ததுதான். செவ்வாக்கிழமை.”

“ஏன் வாங்கினார்?”

“பயமா இருக்குன்னார். ஹால்டேன் வாய்க்காலை அடைச்சு வச்சிருக்கான், வெள்ளிக்கிழமை தண்ணிப் பங்கு விசாரணையில அதைச் சொல்லப் போறேன், சொன்னா சும்மா விடமாட்டான்னார். அதனால இனி இடுப்பிலேயே வச்சுக்கப் போறேன்னார்.”

நடீன் எழுதிக்கொண்டாள். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

“வெர்லீன், இது அவனுக்குத்தான் சாதகம். ‘ரெண்டு நாள் முந்தியே என்னைச் சுடத் தயாராயிட்டான்’னு அவன் வக்கீல் உன்னை வச்சே சொல்லுவான்.”

நல்லது செய்யப்போய் இப்படியும் ஒன்று வந்து விடிகிறது. செவ்வாய்க்கிழமை நடந்ததை வெர்லீன் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஆரின் மூன்று உறைகளையும் வரிசையாக வைக்கச் சொன்னார். மூன்றும் பேடில் உறைதான். அகலமான தகடு ஒன்று கால்சட்டைக்குள் இறங்கும். உறை வெளியே தொங்கும். பெல்ட்டைக் கழற்றாமலே மாட்டலாம், எடுக்கலாம். நீதிமன்றத்துக்கோ தபால் நிலையத்துக்கோ போகிறவர்கள் துப்பாக்கியோடு அப்படியே உருவி வண்டியில் வைத்துவிட்டுப் போவார்கள்.

“அறுபது டாலரா? இதுக்கு நான் ஒரு கன்னுக்குட்டிக்குத் தீனி வாங்குவேனே!” என்றார் ஆரின். “அந்தக் கடைசியில இருக்கிறதைக் காட்டு.”

“அது இருபத்து நாலு. பிளாஸ்டிக்தான், ஆனா பிடி இறுக்கம். துப்பாக்கியை மாட்டித் தலைகீழாப் பிடிச்சாலும் விழாது. தகட்டுல இருக்கே சின்னக் கொக்கி, அது பெல்ட்டுக்கு அடியில போய்க் கவ்வணும். நல்ல தடிப் பெல்ட்டா போடுங்க.”

“குடலிறக்க ஆபரேஷனுக்கப்புறம் நான் எங்க பெல்ட்டு போடறேன்? சரி, சனிக்கிழமை ஒண்ணு வாங்கிக்கறேன். வீட்டுல ஐடா கேட்டா கன்னுக்குட்டிக்குத் தீனின்னு சொல்லு.”

சனிக்கிழமை வருவதற்குள் மனிதர் போய்விட்டார்.

பகல் 12.15. கடை வாசலில் மணி அடித்தது. வெர்லீன் நிமிர்ந்து பார்த்தாள்.

ஹால்டேன். விசாரித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சுட்ட துப்பாக்கி போலீஸிடம் இருக்க, இடுப்பில் வேறொன்று ஏறியிருந்தது. நாலு விரல் அகலப் பெல்ட், அதில் கோத்த தோல் உறை. கடையில் வேறு யாரும் இல்லை.

“மாட்டுக்கு உப்புக்கட்டி ரெண்டு குடு கண்ணு.”

அவள் எடுத்து வைத்தாள். அவன் போகவில்லை.

“நடீன் வந்தாளாமே. உனக்குத் தெரிஞ்சதை அப்படியே சொன்னேல்ல?”

“கேட்டதுக்குச் சொன்னேன்.”

“அதான் வேணும். ஐடாவை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. அவ்வளவு பெரிய பண்ணை, தனி மனுஷி, பனிக்காலம் வேற வருது. பக்கத்துல நான் இருக்கேன், பார்த்துக்குவேன்.” ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். “நீயும் தனியாத்தானே இருக்கே?”

வெர்லீன் பில்லை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“கிழவன் எப்படி உருவினான் தெரியுமா? பாரு.”

மறுநொடி அவன் துப்பாக்கி அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது. சத்தமே இல்லை. செத்தேன் என்றே நினைத்தாள். கண்ணை மூடக்கூடத் தோன்றவில்லை. பார்வை அவன் முகத்துக்குப் போக அஞ்சி இடுப்பிலேயே நின்றது. அவனுடைய தோல் உறை பெல்ட்டில் இம்மிகூட அசையாமல் இருந்தது.

“இந்த வேகம். கண் இமைக்கிற நேரம்” என்று சிரித்து, துப்பாக்கியைச் செருகிக்கொண்டு, உப்புக்கட்டியோடு போனான்.

வெர்லீன் கதவைப் பூட்டினாள். திரும்பி வந்து, அலமாரியிலிருந்து இருபத்து நாலு டாலர் உறை இன்னொன்றை எடுத்தாள்.

பகல் 1.05. போன்.

“நடீன், ஆரினோட கால்சட்டையில பெல்ட்டு இருந்ததா?”

“இல்ல. தோள்வார்தான். ஏன்?”

“அந்த உறையை யாராவது கழட்டினீங்களா?”

“அப்படியே பையில போட்டிருக்கோம்.”

“அவனைக் கூப்பிட்டு உக்கார வை. நான் வர்றேன்.” போனை வைக்கப் போனவள் மறுபடி காதில் வைத்தாள். “எனக்குப் பயமா இருக்குடி. ஆனா வர்றேன்.”

பிற்பகல் 2.30. ஷெரிஃப் அலுவலகம். ஹால்டேனின் துப்பாக்கியை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். நடீன் கேட்டாள்:

“அவர் மெதுவா எடுத்தாரா, வேகமா எடுத்தாரா?”

“மின்னல் மாதிரி. காலையிலேயே சொன்னேனே.”

“எந்தக் கையால?”

“வலது கை.”

“இடது கை?”

“குறடு வச்சிருந்தான்.”

“அவர் விழுந்தப்புறம் நீங்க பக்கத்துல போனீங்களா? தொட்டீங்களா?”

“பத்தடி தள்ளி நின்னேன். விரல்கூடப் படல.”

“எழுதிக்கலாமா?”

“எழுதிக்கோ.”

பக்கத்து அறைக் கதவு திறந்தது. வெர்லீன் வந்தாள். கடையில் விற்கும் தொளதொள கால்சட்டை, தோள்வார். இடுப்பில் புது உறை. அதில் ரவையில்லாத துப்பாக்கி. ஹால்டேன் சிரித்தான்.

“என்ன கண்ணு, மாறுவேஷப் போட்டியா?”

அவள் சுவரைப் பார்த்து நின்று, வலது கையால் சட்டென்று உருவினாள். துப்பாக்கி வந்தது. உறையும் அதோடு சேர்ந்து வந்தது. தகடு கால்சட்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டு துப்பாக்கியிலேயே தொங்கியது.

மறுபடி மாட்டி உருவினாள். மறுபடியும் உறையோடுதான் வந்தது. பத்து முறை செய்தாள், பத்து முறையும் அதேதான். ஐந்தாவது முறைக்கு மேல் அவன் சிரிக்கவில்லை.

“கொக்கி பெல்ட்டைக் கவ்வணும்” என்றாள் வெர்லீன், சுவரைப் பார்த்தபடியே. “கவ்வ ஆரின்கிட்ட பெல்ட்டு இல்ல. வேகமா உருவியிருந்தா, உறையும் அவர் கையில இருந்திருக்கும். போட்டோவுல உறை இடுப்புல ஒழுங்கா உக்காந்திருக்கு. அப்படி எடுக்க ஒரே வழிதான். ஒரு கையால உறையை அழுத்திப் பிடிச்சு, இன்னொரு கையால மெதுவா இழுக்கணும். ரெண்டு கை வேணும். ஆரினோட ஒரு கையில குறடு இருந்தது.”

“அப்ப ரெண்டு கையும் சும்மா இருந்தது யாருக்கு?” என்றாள் நடீன்.

ஹால்டேன் உதட்டை நக்கினான். “இதெல்லாம் ஒரு சாட்சியா? கிழவன் எப்படியோ எடுத்தான்.”

“வாழ்நாள் பூராவும் பெல்ட்டுல கோத்த தோல் உறை போட்டவன் நீ” என்றாள் வெர்லீன். இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். “துப்பாக்கியை எடுத்தா உறை இடுப்புலயே நிக்கும்னு உன் கைக்குப் பழக்கம். செத்தவர் இடுப்புலேர்ந்து இழுத்தே, கூடவே உறையும் வந்தது. அதைப் பிடிச்சு அழுத்தி உக்கார வச்சே. அதான் இயற்கைன்னு நினைச்சே.”

நடீன் ஒரு தாளை மேஜையில் வைத்தாள். “அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி வழவழப்பு. வெளிப்பக்கம் ஆரினோட ரேகை இருக்கு, வெர்லீனோடதும் இருக்கு. மூணாவதா ஒரு இடது உள்ளங்கை, மேலேர்ந்து கீழா அழுத்தின மாதிரி. யாரோடதுன்னு இன்னும் ஒப்பிடல. உங்க கையைக் கொஞ்சம் நீட்டறீங்களா, மிஸ்டர் ஹால்டேன்? பத்தடி தள்ளி நின்ன கை.”

ஹால்டேன் இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். வக்கீல் வேண்டும் என்றான். முழுப் பூசணிக்காய் அதற்குள் சோற்றுக்கு வெளியே வந்துவிட்டிருந்தது. பிறகு எடுத்த அவன் உள்ளங்கை ரேகை நாலு மணிக்கு ஒத்துப்போயிற்று.

மாலை 5.20. தாக்கெட் பண்ணை, சமையலறை. அடுப்பில் யாரும் தொடாத பீன்ஸ் சூப் இருந்தது. ஐடா தாக்கெட் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“உள்ள வராதே. நீதானே அந்தச் சனியனை அவருக்கு வித்தே?”

“ஆமா.”

“நாப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினேன். கோழியை வெட்டக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். காலையிலேர்ந்து ஊரே சொல்லுது, என் புருஷன் ஒருத்தனைக் கொல்லப் போனான்னு. நானும் நம்பிட்டேன் வெர்லீன். பயம் மனுஷனை எதுவும் பண்ண வைக்கும்னு நம்பிட்டேன்.”

வெர்லீன் வாசற்படியிலேயே நின்றாள். வரும் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த ஆறுதல் எதுவும் வாயில் வரவில்லை. தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னாள்.

“அவர் துப்பாக்கியைத் தொடவே இல்ல ஐடா. அவன் சுட்டப்போ அவர் வேலியைத்தான் கட்டிக்கிட்டிருந்தார்.”

ஐடா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.