படையலுக்குச் சாத்திய கதவு

அக்கா படத்துக்கு முன்னால் வைத்த டம்ளரில் தண்ணீர் குறையவில்லை. கூடியிருந்தது.

உஷாராணி குனிந்து பார்த்தாள். செத்தவர்களுக்கு விளக்கோடு ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பதும், மறுநாள் அது கொஞ்சம் இறங்கியிருந்தால் வந்து குடித்துவிட்டுப் போனதாகச் சொல்லிக்கொள்வதும் வழக்கம்தான். ஃபேன் காற்றில் தண்ணீர் வற்றும் என்பது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் தெரியும். சாவு வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். நேற்று அவள் தன் கையால் முக்கால் டம்ளர் ஊற்றி வைத்தாள். இப்போது அது விளிம்பைத் தொட்டு, பார்த்தாலே வழிந்துவிடும் போல நின்றது. நிறம் வேறு மாறியிருந்தது. பால் ஊற்றாத தேநீர் ஆறிப்போன மாதிரி ஒரு கலங்கல்.

"வாணி, டம்ளர்ல நீ தண்ணி ஊத்துனியா?"

"இல்ல சின்னக்கா, நான் தொடவே இல்ல. நீங்கதானே வச்சீங்க." தம்பி மனைவி வாணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கூரை ஒழுகியிருக்கும் லா. இந்த வீட்ல இப்போ எது எங்கிருந்து ஒழுகுதுன்னே தெரியல."

உஷாராணி அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்து கிடந்தது.

வடக்கே, கெடாவில் சுங்கை பட்டாணிக்குக் கல்யாணமாகிப் போனவள் அவள். கிள்ளானில் பிறந்து வளர்ந்த இந்த வீட்டுக்கு, புயல் அடித்து ஆறு கரையேறிய பிறகு இப்போதுதான் முதன்முறையாக வருகிறாள். அக்காவின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் அப்போது முழங்கால் சேறு. உஷாராணி சுடுகாட்டுக்கு வந்து, அழுது, அன்றைக்கே வடக்கே பஸ் ஏறிவிட்டாள். வீட்டைப் பார்க்கத் தைரியம் இல்லை என்று எல்லாரிடமும் சொன்னாள். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

இன்று பதினாறாம் நாள். சாயங்காலம் படையல்.

வீட்டைக் கழுவிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஆனாலும் சேற்று வாடை போகவில்லை. குளோராக்ஸ் ப்ளீச் நெடிக்கும் புதுப் பெயிண்ட் நெடிக்கும் சாம்பிராணிப் புகைக்கும் அடியில், ஆற்றுச் சேறும் டீசலும் அழுகிய இலையும் கலந்த ஒரு குளிர்ந்த வாடை, தரையோடு தரையாக, நடக்கும்போது காலைச் சுற்றிக்கொண்டு வருவதுபோல இருந்தது. மரக்கதவுகளெல்லாம் ஊறி உப்பி, சட்டத்துக்குள் இறுகி, இடுப்பால் இடித்தால்தான் திறந்தன. சோபா இருந்த இடம் காலி. அக்காவின் கட்டில் இருந்த இடமும் காலி. வாசலில் இரும்பு கிரில் மட்டும் பழையபடி நின்றது, ஒரு கம்பிகூட வளையாமல்.

அந்த கிரிலை உஷாராணி பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக, தரையைத் துடைக்கிறேன் என்று துணியும் வாளியுமாக உட்கார்ந்தாள். அப்போதுதான் சுவரைக் கவனித்தாள். புது வெள்ளைப் பெயிண்டில், கணுக்கால் உயரத்துக்கு ஒரு ஈரக்கோடு, கூடத்தின் நான்கு சுவரிலும், ஒரே மட்டமாக ஓடியது.

பின்வாசல் படியில் தம்பி முகுந்தன் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவன், ஆள் மலை மாதிரி இருப்பான். இந்தப் பதினைந்து நாளில் சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது.

"ஹபீபா ஆன்டியை வரச் சொல்லியிருக்கேன் சின்னக்கா" என்றான். "பக்கத்து வீட்டு ஆன்டி. வீடு போனதுல இருந்து பெட்டாலிங் ஜெயாவுல மக வீட்லதான் இருக்காங்க. சாயங்காலம் வராங்க."

உஷாராணியின் கையில் இருந்த துணி நின்றது. "எதுக்கு?"

"அன்னிக்கு அவங்க போட்ல இந்த ரோட்டுல வந்திருக்காங்க. நம்ம வாசல்ல நின்னிருக்காங்க. அப்புறம் ஏன் போனாங்க? அத மட்டும் தெரிஞ்சிக்கணும்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், வெங்காயம்தான் என்று இருவரும் வைத்துக்கொண்டார்கள். "திட்டுறதுக்கு இல்ல. என்ன சொல்லித் திட்டுறது. பூட்டிட்டுப் போனது நான்தானே."

அக்கா புஷ்பவல்லிக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அவன் வெளியே போகும்போதெல்லாம் கிரிலைப் பூட்டிக்கொண்டுதான் போவான். பயம். திருட்டு அப்படி. கூப்பிட்டால் குரல் வராதவள், ஓட முடியாதவள், தனியாக இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும். அன்று அவன் லோரி நெடுஞ்சாலை வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. போன் செத்துப்போனது.

"பெரியக்கா கிரில் கம்பியைப் பிடிச்சபடியே இருந்தாங்க" என்றான் முகுந்தன். "ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சேன். கொன்னது நான்தான் சின்னக்கா."

இப்போது சொல்ல வேண்டும். அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, இப்போது. வாயைத் திறந்தாள்.

"அழாதடா" என்றாள்.

துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள்.

அன்று சுங்கை பட்டாணியில் ஒரு கல்யாண விருந்து. மேடையில் பாட்டுக் கச்சேரி. காதைப் பொத்திக்கொண்டுதான் போனை எடுத்தாள். ஹபீபா ஆன்டி கத்தினார்: "உஷா, நாங்க போட்ல இருக்கோம்மா, ஒங்க வீட்டு முன்னாலதான்! கிரில் பூட்டியிருக்கு, கரன்ட் இல்ல, கூப்பிட்டா சத்தமே காணோம். தம்பிக்கு லைன் போகல. உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

வாணி செந்தூலில் அம்மா வீட்டுக்குப் போகும்போது அக்காவையும் அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தாள். அந்த நினைப்பில், மேடையைப் பார்த்துக்கொண்டே, ஒரு நொடிகூட யோசிக்காமல் உஷாராணி சொன்னாள்: "யாரும் இல்ல ஆன்டி. நீங்க போங்க."

படகு போய்விட்டது.

சாப்பிட்டு முடித்து, ஐஸ்கிரீம் வந்தபோதுதான் போனில் காலையிலிருந்து திறக்காமல் கிடந்த வாணியின் மெசேஜைப் பார்த்தாள். பெரியக்கா வரமாட்டேன்னுட்டாங்க, வீட்லயே இருக்காங்க. ஹபீபா ஆன்டிக்கு அடித்தாள். லைன் இல்லை. முகுந்தனுக்கு அடித்தாள். இல்லை. தீயணைப்புப் படைக்கு அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. கட்டில் மட்டத்துக்கெல்லாம் தண்ணீர் ஏறாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, போனைப் பைக்குள் போட்டு, ஐஸ்கிரீமைச் சாப்பிட்டாள். அதைத்தான் அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அந்த ஐஸ்கிரீமை.

மத்தியானம் ஈரக்கோடு முழங்காலுக்கு வந்திருந்தது.

"புது பெயிண்ட் லா, ஈரத்த இழுக்கும்" என்றாள் வாணி, மீ கோரேங் நூடுல்ஸைக் கிண்டிக்கொண்டே. அக்காவுக்கு அதுதான் உயிர். படையலில் வடை பாயசத்தோடு அதுவும் உண்டு. "ஏன் சின்னக்கா, தொண்டை கட்டிக்கிச்சா? பேச்சு ஒரு மாதிரி வருது."

உஷாராணிக்கும் அப்படித்தான் பட்டது. நாக்கு தடித்து, ஒரு பக்கமாக ஒதுங்கி, சொல்லை உருட்டி வெளியே தள்ள வேண்டியிருந்தது. பயணக் களைப்பு என்றாள். "களைப்பு" என்ற சொல்லே சரியாக வரவில்லை.

மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டது. மழை பெய்யவில்லை, பெய்யாமல் மேலே நின்றது. காற்று அடங்கிப்போன வீட்டில் சின்னச் சின்னச் சத்தங்கள் பெரிதாகக் கேட்டன: குழாய் மூடியிருக்கும்போதே எங்கோ நீர் சொட்டுவது, தரை ஓட்டுக்கு அடியில் ஏதோ மெதுவாகக் குமிழிடுவது, வாசல் கிரில் லேசாக அதிர்ந்து அடங்குவது. லோரி போகிறதாக்கும் என்று அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெரு காலியாக இருந்தது. கிரில் மறுபடி அதிர்ந்தது. பொறுமையாக. கையில் பலம் இல்லாத ஒருவர் பிடித்து அசைப்பதுபோல.

ஈரக்கோடு இடுப்புக்கு வந்துவிட்டது.

படையல் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். ஹபீபா ஆன்டி வந்து சொல்வதற்கு முன்னால், தானே சொல்லிவிட வேண்டும். தம்பி அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம். காலத்துக்கும் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும். அவன் மேல் ஏறிக் கிடக்கும் பாரம் அவனுடையது இல்லை. அப்படி நினைத்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. உடனே, படையல் முடிந்ததும், என்று மறுபடியும் தள்ளிப் போட்டாள்.

இருட்டத் தொடங்கும்போது அக்கா படத்துக்கு முன்னால் வாழை இலை விரித்துப் பரிமாறினார்கள். கற்பூரம் காட்டிக் கும்பிட்டார்கள். இனி எல்லாரும் வெளியே போய், கதவைச் சாத்தி, வீட்டுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். போனவர் வந்து ஆற அமரச் சாப்பிடுவார். என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டிவிட்டுத் திறக்க வேண்டும்.

வாணி விளக்கை மட்டும் விட்டுவிட்டு லைட்டுகளை அணைத்தாள்.

"அப்பளம் அடுப்படியிலயே இருக்கு" என்றாள் உஷாராணி, உருண்ட நாக்கால். "நீங்க போங்க, நான் வச்சிட்டு வரேன்."

அடுப்படியில் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அப்பளத் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பும்போது வாசலில் முகுந்தனின் குரல் கேட்டது.

"எல்லாரும் வந்தாச்சா? நல்லா பாத்துக்கங்க. சின்னக்கா எங்க?"

"இங்கதான்டா இருக்கேன்" என்றது ஒரு குரல். வெளியிலிருந்து.

தெளிவான குரல். நாக்கு உருளாத குரல். அவளுடைய குரல்.

"பூட்டிருங்க" என்றாள் வாணி. "பூனை வந்து இலையில வாய் வச்சிரும்."

சாவிக்கொத்து குலுங்கி நின்றது. அந்தப் பூட்டைத் தொட அவன் கை கூசுகிறது என்று உஷாராணிக்குத் தெரிந்தது. பிறகு மரக்கதவு சட்டத்தில் இறுகியது. கிரில் இழுபட்டது. பூட்டு விழுந்தது.

"தம்பி!" என்று கத்தினாள்.

"ம்... ம்பா..." என்றுதான் வந்தது.

ஓடினாள். கால் வழுக்கியது. தரையில் தண்ணீர். கணுக்கால் அளவு. குளிர்ந்த, கலங்கிய தண்ணீர். அப்பளம் மிதந்தது. விளக்கு மட்டும் ஆடாமல் எரிந்தது. கதவை இடுப்பால் இடித்தாள். அசையவில்லை. கையால் அறைந்தாள்.

"சத்தம் கேக்குதுங்க" என்றாள் வாணி வெளியே, நடுங்கி. "வந்துட்டாங்க. பெரியக்கா வந்துட்டாங்க."

"திரும்பாத" என்றான் முகுந்தன். அவன் அழுதுகொண்டிருந்தான். சந்தோஷமாக அழுதான். "சாப்பிடட்டும். பசியோட போனவங்க."

முழங்கால். இடுப்பு. வாழை இலை மெல்லச் சுழன்று வந்து அவள் வயிற்றில் ஒட்டிக்கொண்டது. வலது கை மரத்துப்போய்த் தொங்கியது. வலது காலும். இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டே ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கில் முகத்தை வைத்தாள்.

முன்பக்கம் மூன்று முதுகுகள். முகுந்தன். வாணி. நடுவில் ஒருத்தி, உஷாராணி உடுத்தியிருந்த அதே நீலச் சுடிதாரில். அவள் கை தம்பியின் தோளைத் தடவிக்கொண்டிருந்தது. விரல்கள் ஊறி வெளுத்து, தோல் சுருங்கியிருந்தன.

கேட்டருகே ஒரு கார் வந்து நின்றது. ஹபீபா ஆன்டி இறங்கினார். அவருக்கு இந்தச் சடங்கு தெரியாது. அவர் முதுகு காட்டவில்லை. வீட்டைத்தான் பார்த்தார். நேராக ஜன்னலைப் பார்த்தார்.

உஷாராணி கண்ணாடியை அறைந்தாள். தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது. ஆன்டி. நான்தான். நான் இருக்கேன். உள்ளே இருக்கேன். வாயிலிருந்து வந்தது ஒரு முனகல்.

"என்னம்மா இது, கிரில் ஆடுது" என்றார் ஹபீபா ஆன்டி. "உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

நீலச் சுடிதார் போட்டவள் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"யாரும் இல்ல ஆன்டி" என்றாள். "இப்படி வாங்க. திரும்பிப் பாக்கக் கூடாது."

ஹபீபா ஆன்டி தலையாட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து, மற்றவர்களோடு வரிசையில் நின்று, அவரும் வீட்டுக்கு முதுகைக் காட்டினார்.