கேட்டுக்கு ஒரு தெரு தள்ளி

அன்று காலை காருக்குள் மரத்தூள் வாசனை இல்லை.

இருட்டில், அரைத் தூக்கத்தில் பின் சீட்டில் ஏறிச் சுருண்டவளுக்கு அது உறைக்கவே வெகுநேரம் ஆயிற்று. அப்பா தச்சர். எத்தனை முறை கழுவினாலும் அந்தப் பழைய காரை விட்டு மரத்தூளும் பசையும் கலந்த வாடை போகாது. சீருடையில் ஏறிக்கொண்டு வகுப்புவரை கூடவே வந்து மானத்தை வாங்கும். இன்று ஒன்றுமே இல்லை. வண்டி கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது.

பெரிய பள்ளியில் இடம் கிடைத்ததிலிருந்து போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். தூக்கம், காலைச் சாப்பாடு, தலைபின்னல், மனப்பாடம் என்று பின் சீட்டிலேயே குடித்தனம் நடத்திச் சமாளித்தாள். அப்பாவுக்கு அவள் போட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான்: பள்ளி கேட்டுக்கு ஒரு தெரு தள்ளி இறக்கிவிட வேண்டும். நேற்று அங்கேயே வந்து நின்றாள் தோழி.

"யாருடி அது?"

"டிரைவர்."

கார்க் கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. சாயங்காலம் வீடு வரும்வரை அப்பா வாயே திறக்கவில்லை.

அந்த வார்த்தை இரவெல்லாம் அவளைத் தின்றது. வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்காமலே இன்று ஏறியிருந்தாள். பள்ளி வருவதற்குள் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

"அப்பா, நேத்து வாய் தவறி வந்துடுச்சுப்பா."

பொய். வாய் தவறவில்லை. அது அவளுக்கே தெரியும்.

பின்னாலிருந்தே அவரைப் பார்த்தாள். சட்டை அப்பாவுடையதுதான். ஆனால் காதில் செருகிய பென்சிலைக் காணோம். ஸ்டியரிங்கில் தாளம் போடும் விரல்கள் அசையவில்லை. விடியற்காலை இருமல் இல்லை. காது கொடுத்துக் கேட்டாள். மூச்சுச் சத்தமும் இல்லை.

"ஏசி போடட்டுங்களா?"

அப்பாவின் குரலேதான்.

"ஏம்ப்பா இப்படிப் பேசுற?"

"அப்பான்னு கூப்பிடாதீங்க. நான் டிரைவர்தானே."

குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தாள். பள்ளி இருக்கும் ஊருக்குள் நுழைந்ததும்தான் டவர் கிடைத்து, பையில் போன் அலறியது. திரையில், அப்பா.

"எங்கம்மா போன? விடியறதுக்கு முன்னால இருந்து வண்டியோட வாசல்லயே நிக்கிறேன்." குரல் உடைந்திருந்தது. "நேத்து சொன்னதை நான் மனசுலயே வச்சுக்கல. கேட்டுப் பக்கமே வரமாட்டேம்மா. எங்க இருக்கன்னு மட்டும் சொல்லு."

போன் கை நழுவியது.

வழக்கமாக இறங்கும் தெரு கடந்து போயிற்று. கார் முதன்முறையாகக் கேட்டுக்கே வந்தது. தோழிகள் நின்றார்கள். கதவை இழுத்தாள். திறக்கவில்லை. இரண்டு கைகளாலும் கண்ணாடியை அறைந்தாள்.

"அது எங்கப்பா இல்லடி!"

தோழிக்கு அதுதான் நேற்றே தெரியுமே. சிரித்துக்கொண்டே கையசைத்தாள்.

கார் நிற்கவில்லை. கேட் சின்னதாகியது. டிரைவர் கையை உயர்த்தி தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியை மெல்ல அவள் பக்கம் திருப்பினார்.

கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. இழைப்புளி போட்டு இழைத்த பலகை மாதிரி வழவழவென்று ஒரு முகம்.

"எங்க போகணுங்க?" என்று கேட்டது அது, அப்பாவின் குரலில்.