பல் டாக்டரின் அழைப்பு மணி

"உப்பு போட்டேனா... இல்லையா..."

சூப் பாத்திரத்துக்கு முன்னால் கரண்டியும் கையுமாக நின்று, டெர்வ்லா தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள்.

"போட்டாச்சுங்க. ரெண்டு தடவை."

பதில் சொன்னது கணப்பு. குளிர்காய, சுவருக்குள் பதித்த கரி அடுப்பு.

கரண்டி கைநழுவி விழுந்தது. பின்னே? அந்த நேரத்தில் அந்த வீட்டில் அவளைத் தவிர ஈ காக்கா கிடையாது. கீழே பல் டாக்டர், அதற்கு மேல் வக்கீல், அதற்கும் மேல் இன்சூரன்ஸ் கம்பெனி. ஆறு மணி அடித்தால் எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒரு காலத்தில் டப்ளின் நகரத்துப் பெரிய மனிதர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த தெருதான் அது. ஒட்டி ஒட்டி நிற்கும் நெட்டைச் செங்கல் வீடுகள், கதவுக்கு மேலே விசிறி மாதிரி விரிந்த கண்ணாடி... இப்போது கதவோரம் பித்தளைப் பெயர்ப்பலகைகளும் அழைப்பு மணிகளும்தான் மிச்சம். இருட்டிய பிறகு தெருவிலேயே ஒரே ஒரு ஜன்னலில் விளக்கு எரியும், அது அவளுடைய மாடி ஜன்னல். போன குளிர்காலத்தில் அம்மாவும் போய்விட்டாள். அதற்கப்புறம் டெர்வ்லா சுவரோடும் பாத்திரத்தோடும் பேசிக்கொண்டு கிடந்தாள்.

"பயந்துட்டீங்களா? பேயெல்லாம் இல்லைங்க. பக்கத்து வீட்டு மாடியில நிக்கிறேன். பேரு ஃபின்டன், ஆர்க்கிடெக்ட்."

"பக்கத்து வீட்டு ஆளு என் அடுப்புக்குள்ள எப்படி வந்தாரு?"

"ரெண்டு வீட்டுப் புகைபோக்கியும் ஒரே சுவருக்குள்ளதான் மேல போகுது. நடுவுல ஒத்தைச் செங்கல் தடுப்பு. பாவம், வயசாயிடுச்சு... உதிர்ந்துபோச்சு."

"அதனால என் சூப்புல தலையிடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களாக்கும்."

"சூப்புல இல்லைங்க. உப்புல மட்டும்."

டெர்வ்லா சிரித்துவிட்டாள். அந்த அறையில் கடைசியாக எப்போது சிரித்தோம் என்று அவளுக்கே நினைவில்லை.

அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். பக்கத்து வீட்டு மேல்மாடியை ஆபீஸாக மாற்றுவது ஃபின்டனின் வேலை. பகலில் கீழே ஆட்கள் இருப்பார்கள் என்பதால் சாயங்காலம்தான் அளவெடுக்க வருவான். அவள் தபால் நிலைய வேலையிலிருந்து திரும்பி கரியைப் பற்றவைத்ததும், "வந்தாச்சா?" என்று சுவர் கேட்கும். பேச்சு எங்கெங்கோ போகும். மழை ஜன்னலில் வழியும்... அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். இந்தக் குரலுக்கு எப்படிப்பட்ட கண் இருக்கும்? சாம்பல் நிறமாக, கொஞ்சம் தூக்கக் கலக்கமாக...

கீழே இரண்டு வாசல் கதவுகளும் பக்கத்துப் பக்கத்தில்தான். இறங்கிப் போய் ஒரு நடை பார்த்திருக்கலாம். இரண்டு பேருக்கும் கூச்சம். கணப்பு போதும் என்று இருந்துவிட்டார்கள்.

ஒருநாள் அவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

"உங்க மேலதிகாரி மகராசி இன்னைக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாங்களா?"

டெர்வ்லாவுக்குச் சுருக்கென்றது. அதை அவள் இவனிடம் சொன்னதே இல்லை. எதிரே கிடந்த அம்மாவின் நாற்காலியிடம் சொல்லியிருக்கிறாள்... அதுவும் அந்த உப்பு நாளுக்கு எவ்வளவோ முன்னால்.

"எவ்வளவு நாளா ஒட்டுக்கேட்டுட்டு இருக்கீங்க?"

டெர்வ்லா கணப்பை நோக்கிக் குனிந்தாள்.

"நான் எங்க அம்மாகிட்ட பேசினதெல்லாம்..."

"கேட்டேன். எல்லாத்தையும்."

"நல்லாப் பொழுது போச்சா? காலி நாற்காலிகிட்ட ஒரு பைத்தியம் பேசுதுன்னு?"

"ஐயோ, அப்படி இல்லைங்க..."

"ஓட்டைய அடைச்சுட்டு உங்க வேலையப் பாத்துக்கிட்டுப் போங்க."

"அடைச்சுத்தான் ஆகணும். உங்க புகை இந்தப் பக்கம் வருது, நாளைக்கு நெருப்பும் வந்துடும். நான்தான் தள்ளிப் போட்டுட்டே இருந்தேன்... தப்பு என்மேலதான்."

மறுநாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது சுவர் அந்தப் பக்கமிருந்து அடைபட்டிருந்தது.

வீம்புக்குக் குறைச்சலில்லை, இரண்டு நாள் தலையை நிமிர்த்திக்கொண்டு சமைத்தாள். மூன்றாம் நாள் வீம்பு கரைந்துவிட்டது. "உப்பு போட்டேனா..." என்றாள். பதில் இல்லை. "சொல்லித் தொலைங்களேன்..." என்று கரண்டியால் சுவரைத் தட்டினாள். அம்மா போன அன்றைக்கு இருந்த அதே அமைதி, மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. இனி யாரோடு பேச?

அப்போது கீழே பல் டாக்டரின் மணி அடித்தது. யாரோ பல்வலிக்காரன், காலையில் வரட்டும் என்று விட்டுவிட்டாள். அடுத்து வக்கீல் மணி. அதற்கடுத்து இன்சூரன்ஸ். மறுநாளும் அதே மாதிரி. அதற்கு மறுநாள் வெளியே மழை கொட்டும்போது, பல் டாக்டரின் மணி விடாமல் அடித்தது.

எரிச்சலோடு இறங்கினாள். மேலே வேலைக்காரர்களுக்கென்று கட்டிய ஒடுக்கமான படிகள், கீழே வர வர அகலமும் அலங்காரமுமாக விரியும் படிகள். கடைசியில் அந்தக் கனமான கதவைத் திறந்தாள்.

சொட்டச் சொட்ட நனைந்து ஒருவன் நின்றான்.

"டாக்டர் காலையிலதான் வருவாரு. வலி தாங்கலைன்னா கிராம்பு எண்ணெய் தடவிக்கோங்க."

"பல்வலி இல்லைங்க."

அந்தக் குரல்... டெர்வ்லா கதவைப் பிடித்துக்கொண்டாள். கண்கள் சாம்பல் நிறமே இல்லை. பழுப்பு. தூங்கியே பல நாள் ஆன பழுப்பு.

"மூணு நாளா எல்லா மணியையும் அடிச்சுப் பாத்துட்டேன். பல்லு, வக்கீல், இன்சூரன்ஸ்... உங்க பேர்ல ஒரு மணியே இல்லையேங்க."

"யாரும் வர்றதில்லை," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "அதான் வைக்கலை."

மழை அவன் காதோரம் வழிந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"முதல் நாளே குரல் குடுத்திருக்கணும். குடுத்தா நீங்க பேச்ச நிறுத்திடுவீங்களோன்னு பயம். என் அறைக்குப் போனா, என்னன்னு கேக்க ஒரு ஆள் கிடையாது டெர்வ்லா. நீங்க அந்த நாற்காலிகிட்ட, 'சாப்பிட்டியா?'ன்னு கேப்பீங்க இல்ல... அப்ப நான் இந்தப் பக்கம் நின்னு, 'இன்னும் இல்லை'ன்னு மெதுவா சொல்லிக்குவேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நடுவுல சுவர் இல்லாம சொல்லணும்னுதான் வந்தேன். சொல்லிட்டேன்... போகச் சொன்னா போயிடறேன்."

"அடைச்ச நாள்லேருந்து எனக்கு ஒரு வாய் இறங்கலை," என்றாள் டெர்வ்லா. "எனக்கும் உங்களத்தான் பிடிச்சிருக்கு... மறுபடியும் என்னைத் தனியா பேச விட்டுட்டுப் போயிடாதீங்க."

கதவை அகலத் திறந்து ஒதுங்கி நின்றாள். மேலே சூப் கொதிக்கும் வாசம் படிகளில் இறங்கி வந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லை," என்றான் ஃபின்டன்.