மோப்பக்குட்டி

தட்டு நக்கப்பட்டிருந்தது. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவளுக்கு, எச்சில் காய்ந்தால் எப்படிப் பளபளக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நடுவிலிருந்து விளிம்பு வரை, வரிவரியாக, நாக்கு போன தடம். அவள் கணவனோ, தன் டம்ளரில் பெற்ற மகள் வாய் வைத்தால்கூட வேறு டம்ளர் கேட்கிற ஆள்.

'பசி போலிருக்கு, பாவம்' என்று நினைத்துக்கொண்டு, அடைத்த கதவின் முன்னாலிருந்த தட்டைக் கையுறை போட்ட கையால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டாள்.

ஊரே வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்த நோய்க்காலம். முதலில் அவளுக்குத்தான் காய்ச்சல் வந்தது. போகும்போது அது மூக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் தீய்ந்தாலும் தெரியாது, குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டாலும் தெரியாது. அடுத்துக் கணவனுக்கு வந்தது. அவன் கடைசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளேயே கழிப்பறை, மேசை, அலுவலகம் கொடுத்த கணினி. தொலைபேசியில் வாடிக்கையாளர் குறை கேட்கும் வேலை. காய்ச்சலிலும் விடவில்லை. "உங்க சிரமம் புரியுது சார், லைன்லயே இருங்க சார்" என்று அந்தக் குரல், அவள் சமைக்கும்போதும் துவைக்கும்போதும் ஓடிக்கொண்டே இருந்தது. பேசுகிற மனுஷன் தேறிவருகிற மனுஷன்தானே என்று அவளும் தைரியமாக இருந்தாள்.

வீட்டில் மிச்சமிருந்த ஒரே மூக்கு மகளுடையது. முதல் வகுப்புப் பிள்ளை. எதை எடுத்தாலும் பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டி, "கெட்டுப்போச்சா பாரு" என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது. மோப்பக்குட்டி என்று பெயர் வைத்தது, கதவுக்குப் பின்னாலிருந்து அப்பாதான். ஆனால் மோப்பக்குட்டிக்குப் பால் என்றால் எட்டிக்காய். நல்ல பாலையெல்லாம் நாறுகிறது என்று சொல்லிச் சாக்கடையில் ஊற்ற வைத்தாள். குட்டு வெளிப்பட்டு முதுகில் இரண்டு வாங்கிய நாளிலிருந்து, அந்த மூக்கின் சொல்லுக்கு அம்மாவிடம் மதிப்புப் போயிற்று.

அதனால்தான், இணைய வகுப்பிலிருந்து எழுந்தோடி வந்த மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, அப்பா ரூம் நாறுது" என்றபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கணக்குப் பாடம்னா உனக்கு எல்லாந்தான் நாறும். போய் உக்காருடி."

"நெசமாம்மா. இனிப்பா நாறுது. குமட்டுது."

சொல்லி வாய் மூடுவதற்குள் தரையெல்லாம் வாந்தி. துடைத்துவிட்டு, அவள் கதவருகே போனாள்.

"என்னங்க, பாத்ரூம்ல தண்ணி ஊத்துறீங்களா, இல்லையா? குட்டி என்னமோ சொல்றா."

உள்ளேயிருந்து, "உங்க சிரமம் புரியுதும்மா."

"எங்கிட்டயுமா?" என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"அவள உள்ள அனுப்பு."

"நல்லாகட்டும், அனுப்புறேன். அவளும் எப்போ உங்க மடியில உக்காரலாம்னுதான் அரிச்சுக்கிட்டு இருக்கா."

அன்று மாலை கதவிடுக்கில் ஈரம் கசிந்தது. பழுப்பாக, பாகுபோல. கிருமிநாசினி ஊற்றித் துடைத்தால் துடைப்பானின் நூல்கள் தரையோடு ஒட்டிக்கொண்டு வந்தன. சாவித்துளையிலிருந்து ஈக்கள் வந்தன. பச்சைப் பளபளப்பு, தடித்த வயிறு, விரட்டினால் பறக்காமல் நடந்தன. ஒன்று அவள் உதட்டில் வந்து உட்கார்ந்தது. துப்பினாள். கழுவினாள். மறுபடியும் துப்பினாள். ஊரார் வாய்க்குள் கைவிட்டுச் சீழ் துடைத்தபோதெல்லாம் வராத குமட்டல், சொந்தப் புருஷனின் கதவுக்கு முன்னால் வந்தது.

மறுநாள் தட்டில் ஒரு கடைவாய்ப்பல். வெள்ளி அடைத்த பல். அடைத்த அன்று விளக்குப் பிடித்தவள் அவள்தான். உடைந்த பல் அல்ல. வேர் முழுசாக இருந்தது. வேரைச் சுற்றி இளஞ்சிவப்பாய் ஏதோ, தொட்டால் வழுக்கிற்று.

"என்னங்க... டாக்டரக் கூப்பிடட்டுமா?"

"வேணாம். அவள அனுப்பு."

உதவி எண்ணுக்குப் போட்டாள். பதிவு செய்த குரல் காத்திருக்கச் சொன்னது. காத்திருந்தாள். கைபேசிதான் சூடேறியது.

நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும் உயரத்தில், வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அதைப் போட்டாள். சாப்பாட்டு வேளையில் கைநுழையும் அளவு மட்டும் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இருட்டுக்குள் தட்டைத் தள்ளுவாள். கண்ணால் பார்க்கும் தைரியம் வரவில்லை. ஆனால் மூக்கு ஒன்று இருந்தது. விடிந்ததும் மகளைத்தான் கேட்பாள்.

"நாறுதா?"

"நாறுதும்மா."

நாறுகிற வரைக்கும் பிள்ளை அந்தப் பக்கம் போகாது. அது போதும்.

ஒருநாள் காலை, "நாறுதா?" என்றதற்கு மகள் சிணுங்காமல், "இல்லம்மா, போயிருச்சு" என்றாள். மூக்கைப் பொத்தவில்லை. முகம் தெளிவாக இருந்தது. "அப்போ அப்பாகிட்டப் போலாமா?"

"சாயங்காலம் பாக்கலாம், குட்டி."

அவளுக்கு உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அப்படியானால் அவருக்குத் தேறிவிட்டது. மதியத் தட்டைத் தள்ளிவிட்டு வந்தபோதுதான் கீழ்வீட்டு அக்காவின் அழைப்பு.

"ஏம்மா, ஒங்க வீட்ல எலி கிலி செத்துக் கெடக்கா?"

"இல்லியேக்கா."

"என்ன இல்லியே? ரெண்டு மாஸ்க் போட்டும் கொடலப் பொரட்டுது. எங்க வீட்டுக்காரரு சோத்துல கை வெக்கமாட்டேங்குறாரு. என் சமையல்தான் காரணமோன்னு மொதல்ல நானே பயந்துட்டேன்."

"எப்பலேர்ந்துக்கா?"

"எப்பலேர்ந்தா? இன்னிக்குத்தான் உச்சம்!"

அவள் கண் மேசைமேல் போனது. பால் டம்ளர். காலி. அதட்டாமல், அடிக்காமல், கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்ட காலி டம்ளர்.

காலையில் பின்னல் போடும்போது பிள்ளையின் கழுத்து சுட்டது. வெயில் என்று நினைத்தாள்.

"குட்டி?"

கூடத்தில் இல்லை. கணினியில் டீச்சர் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.

"குட்டீ..."

கடைசி அறை வாசலில் நாற்காலி. தாழ்ப்பாள் விலகியிருந்தது. கதவு திறந்திருந்தது.

திரைகள் மூடிய அறை. ஈக்களின் இரைச்சல். மேசை விளக்கின் வட்டத்தில் நாற்காலி, நாற்காலியில் அவன், அவன் மடியில் மகள். அவன் முகத்தில் முகக்கவசம். கவசம் அசைந்துகொண்டே இருந்தது. வாய் இருக்கும் இடத்தில் அல்ல. எல்லா இடத்திலும்.

அவன் கை தட்டில் சோற்றைப் பிசைந்தது. மெதுவாக. பொறுமையாக. பிசையப் பிசைய விரல்கள் மெலிந்தன. நுனிகளில் வெள்ளையாய் எலும்பு தெரிந்தது. விரலில் இல்லாதது சோற்றில் இருந்தது. சோற்றில் சில பருக்கைகள் நெளிந்தன.

கையிலிருந்த கைபேசியில் அக்கா என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கால் நகரவில்லை.

மகள் திரும்பிப் பார்த்தாள். கன்னம் உப்பியிருந்தது. மென்றாள். விழுங்கினாள். உதட்டோரம் பழுப்பாக வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள்.

"அப்பா ஊட்டி விடுறாரும்மா. எனக்குத்தான் ருசியே தெரியல."

அடுத்த உருண்டை உயர்ந்தது.

பிள்ளை சமர்த்தாக வாயைத் திறந்தது.