மாடியில் ஒரு தாய்

பெட்டியில் மூன்று குட்டிகள்தான் இருந்தன. காலையில் நான்கு இருந்தன. பாரசீகத் தாய்ப்பூனை ஒன்றுமே நடக்காததுபோல முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. மாடியின் மூன்று அறைகளையும் பூனைகளுக்கென்றே ஒதுக்கி, ஜன்னல்களுக்கு இரட்டைக் கம்பிவலை அடித்து, ஒரு கதவைச் சாத்தினால்தான் அடுத்த கதவு திறக்கும்படி வாசல் வைத்திருந்தாள். கிருமிநாசினி மணக்கும் தனிச் செருப்பு மாட்டிக்கொண்டுதான் அவளே உள்ளே வருவாள். ஒவ்வொன்றும் ஒன்பது தலைமுறை வம்சப் பட்டியலோடு வந்த பூனை. தெருவில் திரிபவற்றை அவள் பூனை என்று சொல்வதே இல்லை. குப்பை என்பாள். மனிதர்களையும் அப்படித்தான் தரம் பிரித்திருந்தாள். புருஷன் வீட்டார் மொத்தமும் குப்பைப் பக்கம்.

அவள் கீழே இறங்கி வந்தபோது நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாடிக்கு வந்தியா? ஒரு குட்டியைக் காணோம்."

"நான் எதுக்கு அண்ணி வரேன்? இந்த வீட்ல உங்க பூனைக்கு இருக்கற மரியாதையில பாதிகூட எனக்குக் கிடையாதே."

"கிடைக்கிற மாதிரி இருந்தா கிடைக்கும்."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து புருஷன் இருமினான். "குட்டியை இடம் மாத்தியிருக்கும்மா. தாய்ப்பூனை அப்படிச் செய்யும்ல?"

"பூனையைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறீங்களா? மொதல்ல தண்ணி மோட்டாரை நிறுத்துங்க. மாடியே அதிருது."

"மோட்டார் போடவே இல்லையே."

இந்த மனிதன் எதைத்தான் ஒழுங்காகக் கவனித்தான் என்று உதட்டைச் சுழித்துக்கொண்டு மறுபடி படியேறினாள்.

மேலே அந்தச் சத்தம் இன்னும் தெளிவாக, தரை வழியே உள்ளங்காலில் ஏறி முழங்கால்வரை கூசும்படி, ஏறாமல் இறங்காமல் ஒரே சீராகக் கேட்டது. மழைக்கு முந்தைய பிற்பகல் வெளிச்சம் கம்பிவலையின் கட்டங்களைத் தரையில் வெளிறலாக விரித்திருக்க, பூனைத் தொட்டிகளின் ஈர மணலும் மருந்தும் கலந்த வழக்கமான வாடைக்கு அடியில் இன்னொன்று கசிந்தது. பச்சைப் பால் வாடை. இத்தனை பால் சுரக்கும் பூனை இந்த வீட்டில் இல்லை.

கூண்டுகளில் ஒன்றுகூட அவளைப் பார்த்துக் கத்தவில்லை. காதுகளைத் தலையோடு அப்பிக்கொண்டு, எல்லாம் கடைசி அறைப் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தன. நோயாளிப் பூனைகளை அடைக்கும் அறை அது. ஒரு மாதமாகக் காலி.

பெட்டியில் இப்போது ஒரே குட்டி. தாய்ப்பூனை அதைக் கவ்விக்கொண்டு இறங்கியது.

"ஏய் மூதேவி, எங்க தூக்கிட்டுப் போறே?"

பூனை திரும்பிப் பார்த்தது. அவள் விருந்தாளிகளைப் பார்க்கும் அதே பார்வை. பிறகு நடந்தது.

கடைசி அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அவளே பூட்டிய கதவு. சாவி இடுப்பில்தான் இருந்தது.

திரும்பிப் போய்விடலாம். புருஷனைக் கூப்பிடலாம். அவனையா? அதற்கு இதுவே மேல். தள்ளினாள்.

இருட்டு. வெதுவெதுப்பு. சத்தம் இங்கிருந்துதான் வந்தது.

சுவரோரமாக ஒன்று படுத்திருந்தது. அறையின் நீளத்துக்கு. ரோமமே இல்லாத வெளிறிய தோல், மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. வயிற்றில் வரிசையாக மூன்று குட்டிகள் முட்டி முட்டிக் குடித்தன. நான்காவதைப் பூனை கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தது. வைத்துவிட்டு, தானும் படுத்து, கண்ணை மூடி வாய் வைத்தது.

அவள் தலையைத் தேடினாள். விலா இருந்தது. தோள் இருந்தது. தோளுக்கு மேல் கழுத்து. கழுத்து முடியவில்லை. சுவரோடு போனது. மூலையில் வளைந்தது. கதவுக்குப் பின்னால் போனது.

அவளுக்குப் பின்னால்.

"அண்ணி, குட்டி கெடச்சுதா?" கீழிருந்து நாத்தனார்.

பிறந்ததிலிருந்து யாருடைய குரலும் அவளுக்கு இந்த அளவுக்கு வேண்டியிருந்ததில்லை.

பிடரியில் ஈரமான மூச்சு. பிறகு பற்கள். அழுத்தாமல். பக்குவமாக.

கை தளர்ந்தது. கால் தளர்ந்தது. முழங்கால்கள் தாமாகவே வயிற்றோடு மடங்கின. செருப்பு கழன்று விழுந்தது.

வரிசையில் குட்டிகள் நகர்ந்து இடம் விட்டன.